தோஃபினேயை வைத்து டூரைக் கணிக்கலாமா? போகச்சார், விங்ககோர், அப்புறம் மற்றவர்கள்

நீங்கள் கேட்டது இது: "தோஃபினே டைம் ட்ரையலில் விங்ககோர் போகச்சாரை முந்தினார். இரண்டு நாள் கழித்து மலையில் போகச்சார் அவரை ஒரு நிமிடம் பின்னால் விட்டார். அப்படியானால் டூர் தெ பிரான்ஸில் யார் ஜெயிப்பார்? மூன்றாவதாக யாருக்காவது வாய்ப்பு உண்டா?" (சைக்கிள் பந்தயம் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: போகச்சார் ஸ்லோவேனியர், விங்ககோர் டென்மார்க்காரர். டைம் ட்ரையல் என்றால் ஒவ்வொருவரும் தனியாக, நேரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டுவது.) இதில் யார் பலசாலி என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஜூனில் பிரான்ஸில் எட்டு நாள் ஓடிய தோஃபினே பந்தயம், ஜூலையில் மூன்று வாரம் ஓடப்போகும் டூரைப் பற்றி எவ்வளவு சொல்லும்? அதை முதலில் பார்த்துவிடலாம்.

இதை எழுதுவது ஜூன் 2025 கடைசி வாரத்தில். டூர் ஜூலை 5 அன்று லில் நகரில் தொடங்குகிறது. ரேஸ் ஓட்டுபவர்களுக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுப்பதும் அவர்களுடைய பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) பதிவுகளை அலசுவதும் பல வருடமாக என் வேலை. ஆனால் டூர் அளவு வீரர் யாரும் என்னிடம் பயிற்சி எடுத்ததில்லை. போகச்சாரின் உண்மையான வாட் கணக்கு அவருடைய அணிக்குத்தான் தெரியும். எல்லோருக்கும் தெரிகிற நேரங்களை வைத்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

தோஃபினேயில் ஜெயித்தவர் டூரிலும் ஜெயிப்பார் என்று நம்பக் காரணம் இருக்கிறது. கிறிஸ் ஃப்ரூம் 2013, 2015, 2016 மூன்று வருடமும் இரண்டையும் வென்றார். விக்கின்ஸ் 2012இல், கெரெய்ன்ட் தாமஸ் 2018இல், விங்ககோர் 2023இல் அப்படித்தான். ஆனால் 2022இல் தோஃபினே ரோக்லிச்சுக்கு, டூர் விங்ககோருக்கு. 2024இலும் தோஃபினேயை ரோக்லிச் வென்றார். டூரில் விழுந்து பாதியில் வெளியேறினார். பெரிய தலைகள் எல்லாம் தோஃபினேக்கு வந்த வருடங்களில்தான் அதன் முடிவுக்குக் கொஞ்சம் எடை உண்டு. இந்த வருடம் போகச்சார், விங்ககோர், பெல்ஜியத்தின் எவனபூல் மூவரும் வந்தார்கள், மூவரும் கடைசி நாள் வரை ஓட்டினார்கள். போகச்சார் 59 நொடி வித்தியாசத்தில் வென்றார், விங்ககோர் இரண்டாவது, 24 வயது ஜெர்மானியர் லிபோவிட்ஸ் மூன்றாவது. அதனால் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் அந்த டைம் ட்ரையல், ஏனென்றால் இணையத்தில் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். தூரம் 17.4 கிலோமீட்டர். எவனபூல் வென்றார். விங்ககோர் போகச்சாரைவிட சுமார் 28 நொடி வேகமாக முடித்தார். இருபத்தொரு நிமிட ஓட்டத்தில் 28 நொடி சின்ன வித்தியாசம் இல்லை. சமதளத்தில் காற்றுதான் முக்கிய எதிரி, அதைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். இரண்டு சதவீதம் கூடுதல் வேகத்துக்கு ஆறு சதவீதம் கூடுதல் சக்தி தேவைப்படும். ஆறு சதவீதம் பலவீனமாக இருந்த மனிதர், இரண்டே நாளில் கொம்ப்லூ ஏற்றத்தில் அதே எதிராளியை ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால் விட முடியுமா? முடியாது. ஆகவே அன்று போகச்சாரிடம் குறைந்தது இன்ஜின் இல்லை. வேகத்தைப் பங்கிட்டதில் தவறியிருக்கலாம், உடம்பைக் குறுக்கி உட்காரும் நிலையில் ஏதோ சரியில்லாமல் இருந்திருக்கலாம், வெறுமனே மோசமான நாளாகவும் இருந்திருக்கலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

இவர்கள் இருவருடைய டைம் ட்ரையல் வரலாற்றைப் பார்த்தாலும் ஒரு பக்கம் சாயாது. 2021 டூரில் முதல் டைம் ட்ரையலை போகச்சார் வென்றார், விங்ககோர் 27 நொடி பின்னால். அதே டூரின் கடைசி டைம் ட்ரையலில் விங்ககோர் 25 நொடி முன்னால். (ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னிலை வைத்திருந்த போகச்சாருக்கு அன்று உயிரைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.) 2022இல் ரோக்கமதூரில் விங்ககோருக்கு 8 நொடி. 2023இல் கொம்ப்லூவில் விங்ககோர் 1 நிமிடம் 38 நொடி எடுத்தது மறக்க முடியாத ஓட்டம். 2024இல் இரண்டு முறையும் போகச்சார்தான் முன்னால்: பர்கண்டியில் 25 நொடி, கடைசி நாள் நீஸில் 1 நிமிடம் 3 நொடி. இப்படி ஆடும் ஊசலை வைத்து, ஜூலை 9 அன்று கான் (Caen) நகரில் நடக்கப்போகும் 33 கிலோமீட்டர் சமதள டைம் ட்ரையலைக் கணிக்க நான் துணியமாட்டேன். அது எவனபூலின் நாள் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். அவர் 2023, 2024 இரண்டு வருடமும் டைம் ட்ரையல் உலக சாம்பியன், பாரிஸ் ஒலிம்பிக் தங்கமும் அவருக்குத்தான்.

சரி, மலைக்கு வருவோம். டூரின் முடிவு அங்கேதான் எழுதப்படும். ஐந்து டூர்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு வரியில்: 2020, 2021 போகச்சார், 2022, 2023 விங்ககோர், 2024 மறுபடி போகச்சார், 6 நிமிடம் 17 நொடியில். இந்தக் கடைசி முடிவுக்கு இரண்டு விளக்கம் உண்டு. இரண்டில் எதை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்த வருடக் கணிப்பும் அமையும்.

முதல் விளக்கம்: விங்ககோர் அப்போது முழு ஆளாக இல்லை. 2024 ஏப்ரல் 4 அன்று பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் இறக்கத்தில் நடந்த பெரிய விபத்தில் அவருக்குக் காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்தன, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. 12 நாள் மருத்துவமனை. அதன் பிறகு அவர் ஓட்டிய முதல் பந்தயமே டூர்தான். அப்படி வந்தவர் இரண்டாவது இடம் பிடித்ததே ஆச்சரியம், முழு உடம்போடு வந்திருந்தால் கதை வேறு என்பார்கள் அவருடைய ரசிகர்கள். இரண்டாவது விளக்கம்: போகச்சார் ஒரு படி மேலே போய்விட்டார். 2023 கடைசியில் பயிற்சியாளர் மாறினார். 2024இல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவை 9 நிமிடம் 56 நொடியில் வென்று, அதே வருடம் டூரையும் உலக சாம்பியன் பட்டத்தையும் எடுத்தார். ஜிரோவையும் டூரையும் ஒரே வருடத்தில் யாராவது வென்றது 1998இல் இத்தாலிய வீரர் பந்தானிக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சமமாக இல்லை என்பது என் எண்ணம். காரணம், பிளாட்டோ தெ பே. 2024 டூரின் 15ஆவது கட்டம் (ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு கட்டம்). 15.8 கிலோமீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவு ஏறக்குறைய 8 சதவீதம். அங்கே பந்தானி 1998இல் வைத்த நேரத்தை போகச்சார் மூன்று நிமிடத்துக்கு மேல் உடைத்தார். இதுதான் செய்தியில் வந்தது. அதிகம் பேசப்படாதது இன்னொன்று: அவருக்கு 1 நிமிடம் 8 நொடி பின்னால் வந்த விங்ககோரும் பந்தானியைவிட வேகமாகத்தான் ஏறினார், இரண்டு நிமிடத்துக்கு மேல். அடிபட்டு அரைகுறையாக வந்த மனிதரின் ஏற்றம் இல்லை அது. முதல் பாதி ஏற்றத்தில் வேகம் வைத்ததே அவருடைய அணியும் அவரும்தான். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவர் நல்ல நிலையில்தான் இருந்தார், போகச்சார் அதைவிட நல்ல நிலையில் இருந்தார். மூன்றாவது வாரத்தில், இசோலா 2000இலும் நீஸ் டைம் ட்ரையலிலும் விங்ககோர் தளர்ந்ததற்கு ஏப்ரல் விபத்து காரணமாக இருக்கலாம். பயிற்சி இல்லாமல் போன வாரங்களின் கடன் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில்தான் வசூலாகும். எங்கள் தொழிலில் அடிக்கடி பார்ப்பது இது.

(பழைய நேரங்கள் இப்படி உடைவதைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும், பந்தானி காலத்து ஊக்கமருந்து கதை எல்லோருக்கும் தெரிந்தது. டயர், சைக்கிள், மணிக்கு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே தள்ளும் பழக்கம் எல்லாம் மாறியிருக்கின்றன. ஏற்ற நேரத்தை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.)

யூடியூபில் "கிலோவுக்கு 7 வாட்" (உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு சக்தி) என்று எண்கள் பறக்கும். அவற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பாருங்கள். வீரரின் அன்றைய எடை யாருக்கும் தெரியாது, கணக்குப் போடுகிறவர்கள் ஊகிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, எத்தனை கிலோமீட்டர் அடுத்தவர் மறைவில் வந்தார் என்பதெல்லாம் சேர்ந்தால் எண் சில சதவீதம் முன்பின் போகும். இந்த இருவருக்கும் இடையிலான வித்தியாசமே அந்தச் சில சதவீதம்தான். ஒரே நாளில் ஒரே ஏற்றத்தில் இருவருடைய நேரத்தையும் ஒப்பிடுவது இதைவிட நம்பகமானது.

அப்படி ஒப்பிட்டால் தோஃபினே என்ன சொல்கிறது? 6ஆவது கட்டத்தில் கொம்ப்லூவுக்குப் போகும் வழியில் தொமான்சி ஏற்றத்தில் போகச்சார் இருக்கையிலிருந்து எழாமலே வேகத்தைக் கூட்டிப் பிரிந்துபோனார். 2023 டைம் ட்ரையலில் விங்ககோர் அவரை நசுக்கிய அதே ஏற்றம். அன்று 1 நிமிடம் 1 நொடி. மறுநாள் வல்மேனியே ஏற்றம் இதைவிட நீளம், அதற்கு முன் மடலேன் கணவாய், க்ருவா தெ ஃபேர் கணவாய் என்று இரண்டு பெரிய ஏற்றங்கள். அங்கேயும் போகச்சார்தான் வென்றார், ஆனால் வித்தியாசம் 14 நொடி. எனக்கு இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் தோஃபினேயின் சுவாரசியமான பகுதி. குட்டையான, செங்குத்தான, வெடிப்பான முயற்சியில் போகச்சாருக்குப் பெரிய வித்தியாசம். கால் களைத்த பிறகு வரும் நீண்ட ஏற்றத்தில் சின்ன வித்தியாசம். ஒரே ஒரு ஜோடி நாளை வைத்து விதி எழுத முடியாது, போகச்சார் மறுநாள் தேவைக்கு மேல் போகாமல் அடக்கி ஓட்டியிருக்கவும் கூடும், பார்த்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் விங்ககோரின் அணியான விஸ்மா இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் திட்டம் போடும்.

ஏனென்றால் போகச்சார் நொறுங்கிய நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி. 2022இல் கிரானோன் மலை, 2 நிமிடம் 51 நொடி இழப்பு. 2023இல் கோல் தெ லா லோஸ், 5 நிமிடம் 45 நொடி இழப்பு. "மூன்றாவது வாரத்தில் அவர் விழுவார்" என்று பலர் சொல்வது தவறு, கிரானோன் 11ஆவது கட்டம். "2,300 மீட்டருக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கும்" என்பது இன்னொரு வாதம். 2024இல் 2,642 மீட்டர் கலிபியே உச்சியிலும் 2,802 மீட்டர் பொனெட் தாண்டிய பிறகும் அவர் ஓட்டிய விதத்தைப் பார்த்தால் அந்த வாதமும் நிற்காது. என் கணிப்பில் பொதுவான விஷயம் வேறு: நாள் முழுக்க அடுத்தடுத்து பெரிய கணவாய்கள், காலையிலிருந்தே எதிரணி வைக்கும் கடும் வேகம், சாப்பிடக்கூட விடாத தாக்குதல்கள். கிரானோன் நாளில் ரோக்லிச்சும் விங்ககோரும் கலிபியேவில் மாற்றி மாற்றி அடித்தார்கள், போகச்சாரின் அணியில் இருவர் ஏற்கெனவே கோவிட்டால் வெளியேறியிருந்தனர், அவரே ஒவ்வொரு தாக்குதலையும் துரத்தினார். லோஸ் வருடத்தில் ஏப்ரலில் மணிக்கட்டு எலும்பு உடைந்து தயாரிப்பு கெட்டுப்போயிருந்தது, அன்று தொடக்கத்திலேயே ஒரு முறை விழுந்தார்.

இந்த வருடப் பாதையில் அந்த மாதிரி நாள் எத்தனை? வான்டூ (16ஆவது கட்டம்) அடிவாரம் வரை கிட்டத்தட்ட சமதளம், அதனால் புதுக்காலோடு ஏறும் மலை. 2021இல் வான்டூவில் விங்ககோர் போகச்சாரைக் கழற்றிவிட்டது பலருக்கு நினைவிருக்கும், ஆனால் அன்று அந்த மலையை இரண்டு முறை ஏறினார்கள். பெய்ராகூட்டில் 10.9 கிலோமீட்டர் மலை டைம் ட்ரையல், குட்டை. மூர் தெ பிரெத்தான்ய், ரூவான் போன்ற முதல் பத்து நாள் முடிவுகள் எல்லாம் போகச்சாருக்கென்றே வரைந்த மாதிரி இருக்கின்றன. அவை பெரிய இடைவெளியைத் தராது, ஆனால் முதலில் வருபவருக்கு 10 நொடி போனஸ் (மொத்த நேரத்தில் கழித்துக்கொள்வார்கள்), அடுத்தவர்களுக்கு 6, 4. ஸ்பிரின்ட் அடிக்கத் தெரிந்தவருக்கு இது சும்மா கிடைக்கும் பணம். விங்ககோர் பயப்படும் அளவுக்கு நீண்ட கடன் அட்டவணை ஒன்று இரண்டாவது வாரத்துக்கு முன்பே உருவாகிவிடலாம். விஸ்மா எதிர்பார்க்கும் நாள் 18ஆவது கட்டம்தான். கிளாந்தோன், மடலேன், அப்புறம் இந்த முறை குர்ஷெவெல் பக்கமிருந்து 26 கிலோமீட்டர் லோஸ். 2023இன் அதே உச்சி, வேறு சாலை. டூர்மலே, அஸ்பான், பெய்ரசூர்து தாண்டி சூப்பர்பான்யேரில் முடியும் 14ஆவது கட்டமும் அந்த வகை.

அதற்கு ஆள் பலம் வேண்டும். விஸ்மாவிடம் ஜிரோவை இப்போதுதான் வென்ற சைமன் யேட்ஸ், ஒரு வாரப் பந்தயமான பாரிஸ்-நீஸை இரண்டு வருடம் தொடர்ந்து வென்ற ஜார்கன்சன், குஸ், வான் ஆர்ட். காகிதத்தில் மலையில் ஆழம் அவர்களுக்குத்தான் அதிகம். ஜிரோ முடிந்து ஐந்து வாரத்தில் யேட்ஸுக்குக் கால் எப்படி இருக்கும் என்பது மட்டும் கேள்வி. போகச்சாரின் யுஏஇ அணியில் அல்மெய்டா இந்த வருடம் பாஸ்க், ரொமாந்தி, சுவிட்சர்லாந்து என்று மூன்று பந்தயம் வென்றவர், வேறு எந்த அணியிலும் அவர்தான் தலைவராக இருப்பார். அவர் கடைசி வரை ஓட்டத்தில் இருந்தால் கிரானோன் மாதிரி தனியாக மாட்டிக்கொள்ளும் ஆபத்து போகச்சாருக்குக் குறைவு. அல்மெய்டாவுக்கு ஏதாவது ஆனால் நிலைமை மாறும்.

முதல் வாரக் காற்றையும் மறக்க வேண்டாம். வட பிரான்ஸின் திறந்த வெளிகளில் பக்கக் காற்று அடித்தால் பெலட்டான் (வீரர்களின் பெருங்கூட்டம்) துண்டு துண்டாக உடையும். 2020இல் போகச்சார் அப்படி ஒரு நாளில் 1 நிமிடம் 21 நொடி இழந்தார். பக்கக் காற்றில் வேலை செய்ய விஸ்மாவிடம் சரியான கனமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வசந்தத்தில் ஒரு நாள் பந்தயங்களான ஃபிளாண்டர்ஸை வென்று பாரிஸ்-ரூபேயில் இரண்டாவது வந்த போகச்சாரைக் காற்றில் பிடிப்பது முன்பு போல் எளிதில்லை.

மூன்றாவது ஆள் பற்றிக் கேட்டீர்கள். இருவரும் பாரிஸ் வரை நிமிர்ந்து வந்தால் மூன்றாமவர் ஜெயிக்க மாட்டார், இதை நான் சந்தேகமில்லாமல் சொல்வேன். எவனபூல் போன வருடம் மூன்றாவது. டிசம்பரில் பயிற்சியின்போது ஒரு வண்டியின் திறந்த கதவில் மோதி எலும்புகள் உடைந்து தாமதமாகத்தான் சீசனைத் தொடங்கினார், தோஃபினேயின் மலைகளிலும் நிறைய நேரம் விட்டார். ரோக்லிச்சுக்கு 35 வயது. 2021, 2022, 2024 மூன்று டூரையும் அவர் முடிக்கவில்லை, இந்த மே மாதம் ஜிரோவிலிருந்தும் பாதியில் விலகினார். அவருடைய அணியில் நான் கவனிக்கச் சொல்வது லிபோவிட்ஸை. பையாத்லான் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்தது) விளையாட்டிலிருந்து சைக்கிளுக்கு வந்தவர், டூர் ஓட்டியதே இல்லை, முதல் டூரில் யாருக்கும் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஆனால் தோஃபினே மலைகளில் பெரிய இருவருக்கு அடுத்து ஒரு நாள்கூடத் தொய்வில்லாமல் ஏறியவர் அவர்தான்.

சதவீதமாகச் சொல் என்றால் போகச்சாருக்கு 65, விங்ககோருக்கு 28, மீதி எல்லோருக்கும் சேர்த்து 7 என்பேன். சூத்திரம் போட்டு வந்த எண்கள் இல்லை இவை. அந்த 7 முழுக்க விபத்துக்கும் காய்ச்சலுக்கும் ஒதுக்கியது. விங்ககோரின் 28ஐ நான் குறைக்காததற்குக் காரணம், இரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த முறைதான் அவர் டூருக்கு முன் உருப்படியாகத் தயாராக முடிந்திருக்கிறது. மார்ச்சில் பாரிஸ்-நீஸில் விழுந்து தலையில் அடிபட்டாலும், அதன் பிறகு பயிற்சிக்கு மூன்று மாதம் கிடைத்தது. அவருடைய மூன்றாவது வாரம் எப்படி இருக்கும் என்பதற்குத் தோஃபினேயில் எந்தத் தடயமும் இல்லை.

இந்த எண்களை எப்போது மாற்றுவேன் என்றால், கானில் அவர் போகச்சாரிடமிருந்து அரை நிமிடம் எடுத்தாலும் இழந்தாலும் பெரிதாக மாற்ற மாட்டேன், மேலே சொன்ன காரணத்துக்காக. ஓட்டக்காம் மலை வேறு. ஜூலை 17, வியாழக்கிழமை, 12ஆவது கட்டம், 13 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், பைரனீஸின் முதல் உண்மையான பரீட்சை. அங்கே விங்ககோர் 20 நொடி முன்னால் வந்தால் பாதிப் பாதி என்று திருத்திக்கொள்வேன், ஒரு நிமிடம் பின்னால் வந்தால் அவருக்கு 10கூடத் தரமாட்டேன். இந்திய நேரப்படி இரவு 9 மணியை ஒட்டி முடியும், அந்த ஒன்றையாவது நேரலையில் பாருங்கள்.